இரண்டு விரற்கடை இடம்

டிசம்பர் பிறந்து பதினோரு நாளாகிவிட்டது. வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்துத் திரித்து வைத்தாயிற்று. சொந்தபந்தங்களுக்கு வருடா வருடம் அனுப்புகிற கிறிஸ்மஸ் கடிதம் மட்டும் நான்காவது பத்தியில் நின்றுகொண்டிருக்கிறது. முதல் மூன்று பத்திகளும் ஒரே மாலையில் வந்துவிட்டன: அம்மாவுக்குக் கண்புரை எடுத்தது, என் கணவர் பணி ஓய்வு பெற்றது, எங்கள் சபைச் சேகரத்தில் நடந்த அசன விருந்து. நான்காவது பத்தி என் மகளுக்கு உரியது. ‘இந்த வருடம் எங்கள் மகள்’ என்று எழுதினேன். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதால் அந்த நான்கு சொற்களும் எதையும் சொல்லாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும். நிற்கின்றன. ஜூலை மாதம் அவள் இரண்டு பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். அதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. பெட்டிகள் வரைக்கும் எழுதிக்கொள்ளலாம் என்று அவளிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். சொந்தக்காரர் கடிதத்தில் அதுவும் கூடாது. “என்னப் பத்தி ஒண்ணுமே எழுதாதீங்கம்மா” என்றாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். சரி என்றேன். சரி என்று சொன்னதிலிருந்துதான் உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது. ஒரு பெயர் விடுபட்ட கிறிஸ்மஸ் கடிதத்தை இதற்கு முன்னும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதத்தின் உறைகளில் விலாசம் எழுதியவள் நான்.

அப்பா உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். ஏரலில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு ஸ்டென்சில் தாளைச் சொந்தக் காசில் வாங்கி வருவார். மெழுகு பூசிய நீலத் தாள். அதை மேசைமேல் விரித்து, எழுத்தாணி மாதிரி இரும்பு முனை வைத்த பேனாவால் எழுதுவார். மை கிடையாது. முனை போகிற இடத்தில் மெழுகு விலகி வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம்தான் எழுத்து. கொம்பும் சுழியும் அழுத்தாமல் போட வேண்டும். அழுத்திவிட்டால் தாள் கிழிந்து ‘ழ’வின் வயிறு பொத்தலாகிவிடும். தப்பு விழுந்தால் சின்னச் சீசாவிலிருந்து சிவப்பு வார்னிஷைத் தொட்டு அடைத்து, உலரும்வரை வாயால் ஊதுவார். நகப்பூச்சு மாதிரி வாசனை. எங்கள் வீட்டில் யாரும் நகப்பூச்சு போட்டதில்லை என்பதால் வெகுகாலம் எனக்கு அது கிறிஸ்மஸ் வாசனையாகவே இருந்தது. பிறகு சைக்ளோஸ்டைல் இயந்திரம் வைத்திருந்த ஒரு கடையில் கொடுத்து ஐம்பது பிரதி எடுத்து வருவார். எண்ணெய் கலந்த கறுப்பு மை, விரலில் பட்டால் சீயக்காய்க்கும் போகாது. ஒரு ஸ்டென்சில் என்றால் ஒரு ஃபுல்ஸ்கேப் பக்கம். அதற்கு மேல் ஒரு வரி எழுத வழியில்லை. அப்படியும் பக்கத்தின் அடியில் இரண்டு விரற்கடை இடத்தை எப்போதும் வெறுமையாக விட்டுவைப்பார். அந்த இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நீல மையில், கையால் ஒரு வரி எழுதுவார். அம்மாவுக்குக்கூட அதைக் காட்டியதில்லை.

கடிதத்தின் தலையில் வசனத்தின் எண் இருக்கும், பெரும்பாலும் 1 சாமுவேல் 7:12. சாமுவேல் ஒரு கல்லை நாட்டி எபெனேசர் என்று பெயரிட்ட இடம். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டு நிலையில், எத்தனை பிள்ளைகளின் பெயரில் அந்தக் கல் நிற்கிறது என்று சொல்லி மாளாது. பிறகு ‘கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே’. அதன்பின் வாக்கியமெல்லாம் ‘கர்த்தருடைய கிருபையால்’ என்றே ஆரம்பிக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கைக்கு வந்ததைத் தன் சாமர்த்தியம் என்று சொல்லாமல் கொடுத்தவர் பேரில் எழுதுவது பெரிய பண்பு. அப்பா அதை மனதார எழுதினார். ஆனால் அப்படி ஆரம்பிக்கிற வாக்கியம் வந்ததைத்தான் சொல்லும். வராததைச் சொல்ல அதற்கு வாய் கிடையாது. ‘கர்த்தருடைய கிருபையால் சின்னவன் பிளஸ் டூவில் தேறவில்லை’ என்று யார் எழுதுவார்கள்? கெட்ட செய்திக்கு எங்கள் சபைகளில் வேறொரு வாசல் உண்டு, ஜெபக் குறிப்பு என்று அதற்குப் பெயர். கடன், குடி, கோர்ட், புருஷனைப் பிரிந்து வந்த பெண், எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் ஊருக்குள் நடமாடும். வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஒரு குடும்பத்தில் இருக்கிற வெளியே சொல்லக் கூடாத ஒரு காரியத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்பார். அரை நிமிஷத்தில் எந்தக் குடும்பம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தபின் கண்ணீரோடு ஜெபிப்பார்கள் என்பதும் உண்மை. அறிந்துகொள்ளும் ஆசையும் அக்கறையும் ஒரே மூச்சில் நடக்கின்றன; எது எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. எபெனேசரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயர் ஏழாம் அதிகாரத்துக்கு முன்னாலேயே, நான்காம் அதிகாரத்தில் வந்துவிடுகிறது. அங்கே பாளயமிறங்கிய இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் தோற்றுப்போகிறார்கள், உடன்படிக்கைப் பெட்டி பறிபோகிறது, ஏலியின் மருமகள் பிரசவத்தில் சாகும் தறுவாயில் பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயர் வைக்கிறாள். தோற்றபோது நின்ற இடத்துக்கும் ஜெயித்தபின் நாட்டிய கல்லுக்கும் ஒரே பெயர். இடையில் இருபது வருடத்துக்கு மேல் கிடக்கிறது. நாங்கள் சுவரில் எழுதி வைப்பது ஏழாம் அதிகாரத்தை.

1986இல் தம்பி பிளஸ் டூவில் இரண்டு பாடம் போனான். அக்டோபரில் திரும்ப எழுதி, அதிலும் போனான். அந்த டிசம்பரில் அவனுக்குப் பதினேழு வயது, எனக்கு இருபத்தொன்று. கடித வேலையை அப்பா மூன்று பேருக்குமாகப் பிரித்திருந்தார். நான் உறையில் விலாசம் எழுத வேண்டும். அவன் தாள்களை மூன்றாக மடிக்க வேண்டும், அடியிலிருக்கும் வெற்றிடம் மேலே தெரிகிற மாதிரி. இரவு நாங்கள் படுத்தபின் அப்பா மடிப்பைப் பிரிக்காமலே அந்த இடத்தில் தன் வரியை எழுதி, உறைக்குள் போட்டு, மைதாப் பசையால் ஒட்டுவார். அன்று தம்பி முதல் தாளை எடுத்து வாசித்தான், மடித்தான். இரண்டாவதையும் எடுத்து வாசித்தான். எல்லாத் தாளிலும் இருப்பது ஒரே எழுத்துதான் என்று அவனுக்குத் தெரியாதா? ஐந்தாறு தாள்வரை அப்படி வாசித்து வாசித்துத்தான் மடித்தான். என் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு இரண்டு வரியில் இருந்தது. அம்மாவின் ஆபரேஷன், கூரைக்கு ஓடு மாற்றியது, பெரியப்பா வீட்டு ஞானஸ்நானம், பசு கிடாரிக் கன்று போட்டது, எல்லாம் இருந்தன. அவன் பெயர் இல்லை. மோசமாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பெயர் இல்லை, அவ்வளவுதான். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல் அடுத்த உறையில் நாகர்கோவில் அத்தையின் விலாசத்தை எழுதினேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, “கன்னுக்குட்டி இருந்துச்சுக்கா” என்றான். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

அப்பாவுக்காக நானே என்னிடம் வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கம், இடம் பற்றாது. அவனைக் காப்பாற்றத்தான் விட்டிருப்பார். எழுதியிருந்தால் நாற்பது வீடுகளில் சாப்பாட்டு மேசையில் அவன் தோல்வி வாசிக்கப்பட்டிருக்கும். நியாயமான வாதம்தான். இன்றைக்கு என் மகள் கேட்பதும் இதையேதான். ஆனால் இவள் வாய்விட்டுக் கேட்டாள், அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையின் செய்தி தன்னுடையது என்று அப்பா நம்பினார்; எழுதவும் விடவும் தனக்கு அதிகாரம் இருப்பதாக. அந்த நம்பிக்கையில் அவர் தனி ஆள் இல்லை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி அச்சிட்ட அட்டையைத்தான் முதல் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை என்கிறார்கள். சுமார் ஆயிரம் பிரதி அடித்தார்கள். இரண்டு ஓரங்களிலும் ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்கிற படம். நடுவில் மூன்று தலைமுறைக் குடும்பமொன்று மேசையைச் சுற்றிக் கூடி மதுக் கோப்பையை உயர்த்துகிறது. சின்னப் பிள்ளைக்கும் மதுவைக் காட்டியதற்காக மதுவிலக்குக்காரர்கள் அன்று கண்டித்தார்கள். எனக்கு உறுத்துவது மேசை. குடும்பம் என்றால் இந்த மேசையில் இருப்பவர்கள் என்று அந்தப் படம் அத்தனை தீர்மானமாகச் சொல்கிறது. எங்கள் பக்கத்து மரபு இன்னும் பழையது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களை, 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தொடர்ந்து அச்சிட்டுக் காணிக்கை கொடுக்கும் அன்பர்களுக்கு அனுப்பினார்கள். எழுதியதெல்லாம் அச்சேறவில்லை. பதிப்பித்தவர்கள் வெட்டினார்கள், மூலக் கடிதங்கள் ஹாலே ஆவணக் காப்பகத்தில் தனியாக இருக்கின்றன. தூரத்திலிருந்து நமக்காக ஜெபிக்கிறவர்களிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கேள்வி இந்த மண்ணில் முந்நூறு வருடக் கேள்வி.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைச் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். வெறும் பெயர்கள், வாய் குழறும். ஒரு குடும்பத்தின் செய்தி என்று இப்போதுதான் அதை வாசிக்கிறேன். எத்தகைய குடும்பம்! மரியாளுக்கு முன்னால் நாலு பெண்கள் வருகிறார்கள். மாமனாரை ஏமாற்றிப் பிள்ளை பெற்ற தாமார். எரிகோவின் வேசி ராகாப். மோவாபிலிருந்து வந்த விதவை ரூத். எங்கள் ஊர்க் கடிதத்தில் இவர்களில் ஒருத்திக்குக்கூட இடம் கிடைத்திருக்காது. ஜெபக் குறிப்புக்குத்தான் போயிருப்பார்கள். மத்தேயு மூவரையும் பெயர் சொல்லி எழுதுகிறார். நாலாவது பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை. பத்சேபாள் என்று எழுதாமல் உரியாவின் மனைவி என்று குறிப்பிடுகிறார். இது அவளை மறைப்பதற்கா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் பெயரை எழுதியிருந்தால் தாவீதின் மனைவிகளில் ஒருத்தி என்று கடந்து போயிருப்போம். பெயரை விட்டுக் கணவன் பெயரைப் போட்டதால், கொல்லப்பட்ட அந்தச் சிப்பாய் ராஜாவின் வம்ச வரிசைக்குள் நிரந்தரமாக நின்றுவிட்டான். ஆக, பெயரை விடுவதிலும் ஒரு நீதி இருக்க முடியும். இந்த எண்ணம் ஒருநாள் எனக்கு ஆறுதலாக இருந்தது. மறுநாள் அதே பட்டியலில் வேறொன்று கண்ணில் பட்டது. பதினான்கு பதினான்காக மூன்று அடுக்கு வர வேண்டும் என்பதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்களை மத்தேயு தூக்கிவிடுகிறார்: அகசியா, யோவாஸ், அமத்சியா. நாளாகமத்தில் இருக்கிறார்கள், இங்கே இல்லை. ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டிய ஸ்டென்சில் மாதிரிதான். அமத்சியா இதை வாசித்தால் என்ன நினைப்பார் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்தவர்கள் என்றில்லை, தமிழில் கடிதம் எழுதின எல்லாருக்கும் ஒரு ஸ்டென்சில் இருந்தது. இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா. வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தவர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். நல்ல செய்தி என்றால் தாளின் மூலையில் மஞ்சள் தடவுவார்கள். சாவுச் செய்தி அஞ்சலட்டையில் வரும், ஓரத்தில் கறுப்பு மை இழுத்திருக்கும்; வாசித்த கையோடு கிழித்து வாசலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைப்பதில்லை. பரீட்சையில் போன பையனுக்கு மஞ்சளும் இல்லை, கறுப்பும் இல்லை. வாழ்த்து அட்டைக்குத் தபால் இலாகா அப்போது வைத்திருந்த சலுகையையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். புக் போஸ்ட் என்று மேலே எழுதி, உறையை ஒட்டாமல் மடலை உள்ளே செருகி அனுப்பினால் தபால்தலை குறைவு. ஆனால் உள்ளே சொந்தமாகக் கடிதம் எழுதக் கூடாது. ஒட்டினால் முழுக் கட்டணம். காசை எண்ணி எண்ணிச் செலவு பண்ணின அப்பா ஒவ்வொரு உறையையும் ஒட்டித்தான் அனுப்பினார், அந்த நீல வரிக்காக. இப்போது கடிதம் கைபேசியில் குடும்பக் குழுவுக்குப் போகிறது. 2012இல் அப்பாவுக்குப் பார்வை மங்கியதிலிருந்து நான்தான் எழுதுகிறேன். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம், செலவில்லை. ஐந்து நிமிஷத்தில் கூப்பிய கைகளும் ஆமென்களும் வந்து குவிகின்றன. அடியில் விடுவதற்கு இடம் என்று ஒன்று அதில் இல்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகும்போதே மழை சரியாகப் பிடித்திருந்தது. மறுநாள் காலை முடிய இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி இரண்டு கரையையும் மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. ஏரலில் எங்கள் தெருவில் தண்ணீர் மார்பளவு. தம்பி அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறான், அங்கே மூன்று நாள் இருந்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து நான் போய்ச் சேர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. வீட்டுக்குள் கணுக்கால் மூழ்க வண்டல், மீன் நாற்றம், சுவரில் மார்பு உயரத்தில் ரசமட்டம் வைத்து இழுத்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அலமாரியின் கீழ்த்தட்டில் அப்பாவின் கோப்பு ஊறி ஒரே கட்டியாகக் கிடந்தது. 1971 முதல் ஒவ்வொரு கிறிஸ்மஸ் கடிதத்திலும் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். மாடியில் உட்கார்ந்து தாள் தாளாகப் பிரித்தேன். நடுவில் செய்தித்தாள் கொடுத்து, மேலே செங்கல் பாரம் வைத்து, மூன்று நாள். சைக்ளோஸ்டைல் மை எண்ணெய் மை அல்லவா, ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. ஓட்டுக் கூரையும் கன்றுக்குட்டியும் என் முதல் வகுப்பும் அப்படியே இருந்தன. விலாச நோட்டுதான் போயிற்று. பேனா மையில் எழுதியது அது, பக்கம் பக்கமாக நீலக் கறை, அவ்வளவுதான் மிச்சம். யார் யாருக்குக் கடிதம் போயிற்று என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. 1986ஆம் வருடத் தாளைக் கையில் எடுத்தபோது அடியிலிருந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. தனக்கு வைத்துக்கொண்ட பிரதியில் அவர் யாருக்கு என்ன எழுதுவார்?

தம்பி மோட்டார் காயில் கட்டுகிறவன். 1987இல் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான், பிற்பாடு பஜாரில் சொந்தக் கடை போட்டான். வெள்ளம் வடிந்ததும் ஊரிலிருந்த அத்தனை மோட்டாரும் அவன் கடை வாசலுக்கு வந்துவிட்டது. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், தையல் மிஷின் மோட்டார், கோயில் வளாகத்துத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். தன் கடையிலும் செப்புக் கம்பிச் சுருள்கள் சேற்றில்தான் கிடந்தன. ஒவ்வொன்றையும் கழற்றி, நல்ல தண்ணீரில் வண்டலைக் கழுவி, உள்ளே நூறு வாட்ஸ் குண்டு பல்பை எரியவிட்டு ஈரம் வாங்கி, சுற்று எரிந்து போனதைப் பிரித்துப் புதுக் கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றி, மறுபடியும் பல்பு வெப்பத்தில் காய வைப்பான். இருபது நாள் சரியாகத் தூங்கவில்லை. இயலாதவர்களிடம் கம்பிக் காசு மட்டும் வாங்கினான், சிலரிடம் அதுவும் இல்லை. அந்த வருடக் கடிதம் ஜனவரியில்தான் போயிற்று. அதில் அவனுக்காக முழுதாக ஒரு பத்தி எழுதினேன். முப்பத்தேழு வருடக் கடனை ஒரே பத்தியில் அடைக்கிற அவசரம் எனக்கு. வாசித்துக் காட்டினேன். “மோட்டாரப் பத்தி எழுதுக்கா. என்னைய எதுக்கு இப்ப?” என்றான். தன்னடக்கத்தில் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு அப்படியே அனுப்பிவிட்டேன். பாராட்டு அறுபதுக்கு மேல் வந்தது. அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ‘இப்ப’ என்ற சொல்லை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். சொல்லும்படி ஒன்றுமில்லாத வருடத்தில் இடம் கிடைக்காதவனுக்கு, செய்தி கிடைத்த வருடத்தில் இடம் கொடுத்தேன். அப்பா விட்டதும் நான் சேர்த்ததும் ஒரே கணக்கில்தான் என்பது அவனுக்கு உடனே புரிந்திருக்கிறது, எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதனால்தான் இந்த நான்காவது பத்தி நகரவில்லை. மகள் சொன்னபடி அவளைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால் கடிதத்தைப் படிக்கிறவர்கள் முதலில் படிக்கப்போவது அந்த இல்லாமையைத்தான். போன வருடம் வரை அவளுடைய வேலையும் ஊரும் வீட்டுக்காரரும் வரிசையாக வந்த கடிதம் இது. எழுதினால் வாக்குத் தவறினவளாவேன். பொதுவாக ஒரு வாக்கியத்தைப் போட்டு மூடலாம், பிள்ளைகள் யாவரும் சுகம் என்று. அது பொய் அல்ல, ஆனால் அவளை ‘யாவரும்’ என்ற சொல்லுக்குள் போட்டுப் பூட்டுவது. இருக்கிறாள் என்று போட்டுப் பார்த்தேன். இந்த வருடம் எங்கள் மகள் இருக்கிறாள். வாக்கியம் முடிந்த மாதிரியே தெரியவில்லை, எதுவோ வர வேண்டும் என்று கேட்டது, அழித்துவிட்டேன். அவளோ காலையில் எழுந்து என் அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து விடுகிறாள், சாயங்காலம் மாடியில் நடக்கிறாள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிகிறது. இவற்றில் எதுவும் செய்தி இல்லை. எனக்கு இந்த வருடத்தில் இவற்றைத் தவிர வேறு செய்தியும் இல்லை.

போன வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் தங்கை, எண்பத்தாறு வயது. சொந்தக்காரர் வீடுகளுக்கு வருவதற்கு இவள் ஜூலையிலிருந்து சம்மதித்ததில்லை. அத்தை வீட்டுக்கு என்றதும் வந்தாள். அத்தை கதவைத் திறந்து இவளைப் பார்த்தார். “வந்துட்டியா மக்ளே, இரி” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அச்சு முறுக்கு வந்தது, காப்பி வந்தது. விலாச நோட்டு வெள்ளத்தில் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை எழுந்து போய்த் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “அண்ணன் எழுதுனதெல்லாம் இதுலதான் கெடக்கு.” வருடவாரியாக அடுக்கியிருந்தது. 1986ஐ எடுத்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்த எழுத்துதான், ஓடு, கன்று, முதல் வகுப்பு. அடியில் இரண்டு விரற்கடை இடத்தில் நீல மையில் ஒரு வரி: ‘சின்னவன் எங்களோடு இருக்கிறான்.’ ஜெபித்துக்கொள் என்றுகூட இல்லை. என் தோளுக்கு மேல் எட்டி மகளும் வாசித்தாள். ஒன்றும் சொல்லாமல் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கடிதத்தை மட்டும் தருவீர்களா என்று அத்தையிடம் கேட்டேன். அவனிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஏரலுக்குப் போனேன். தம்பி கடையைப் பாதி திறந்து வைத்து ஒரு கிணற்று மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பழைய வாசனை இல்லை, இது வேறு காட்டம். கடிதத்தைக் கொடுத்தேன். கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தான், கண் கீழே வந்தது, நின்றது. ஸ்டேட்டருக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, “அத்தைக்கு மட்டுந்தானாக்கா?” என்றான். தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. வாங்கினவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறைத் தோட்டங்களில் இருக்கிறார்கள், மீதிப் பேர் எந்த ஊரில் என்று சொல்ல நோட்டு இல்லை, உறைகளில் எழுதிய என் கைக்கும் ஞாபகம் இல்லை. அவனுக்கு இருந்தது. “நாப்பத்திரெண்டு லெட்டர். நாந்தான மடிச்சேன்” என்றான். பிறகு தாளைத் தொடைமேல் வைத்து, பழைய மடிப்பிலேயே மூன்றாக மடித்து, அடியிலிருந்த இடம் மேலே தெரிகிற மாதிரி என் கையில் கொடுத்தான்.